கழுத்தில் ஒரு மாலை, பையில் ஒரு மாலை

போன வாரம் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அழைப்பிதழ் கிடையாது. என்னை அழைத்த பெண்ணுக்கு என் மேல் நல்ல கோபம். முறைப்படி முதலில் அழைத்திருக்க வேண்டிய மனிதரோ, அழைக்காமலேயே வேன் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் காரணம் நான் எழுதிய நான்கு வரி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கவிதை வாசிக்க வெளியூர் போகும் கவிஞனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் கவிதையாகப் பார்ப்பது. உள்ளூர்க்காரர் 'அது குடை ரிப்பேர் கடை' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். நாங்கள் அங்கேயே நின்று 'மழையின் மருத்துவமனை' என்று முனகுவோம். மதுரையில் என் தெரு முனையிலும் குடை ரிப்பேர் செய்பவர் இருக்கிறார். அவரைப் பற்றி இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை. விமான டிக்கெட் எடுத்தால்தான் எங்களுக்குக் கண் திறக்கும் போலிருக்கிறது.

ஜார்ஜ்டவுனுக்கு என்னை வரவழைத்தவர் ஜமால் அண்ணன். அங்கே நாசி கண்டார் கடை வைத்திருக்கிறார் – சோற்றின் மேல் எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்றித் தருவார்களே, அந்தக் கடை. பாதி நாள் குழம்பு, பாதி நாள் இலக்கியம் என்று வாழ்கிற மனிதர். மாலையில் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மண்டபத்தில் என் கவிதை வாசிப்பு. அதற்கு முன் மதியம் அக்கரையில், பட்டர்வொர்த்தில், மாணவர்களோடு ஒரு சந்திப்பு. இப்படித் திட்டம் போட்டிருந்தார்.

"பாலத்து வழியா காடியிலயே போயிரலாம் சார். ஏர்கான் இருக்கு" என்றார். அங்கே காரைக் 'காடி' என்கிறார்கள்.

நான் கேட்பேனா? கடலைப் பார்க்காமல் கவிஞன் எப்படி அக்கரை சேர்வது? ஃபெரியில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் பக்கத்தில், வண்டியிலிருந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார் – காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்கவாம். தலையில் ஹெல்மெட். அதெல்லாம் சரி. கழுத்தில் ஒரு கல்யாண மாலை. தடித்த ரோஜா மாலை, மடி வரை தொங்குகிறது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு கவிஞன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால், அவனுக்கு எதற்கு டிக்கெட் போட்டு அழைக்க வேண்டும்?

முகம் தெரியாதபடி பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்தேன். ஃபெரி கரை சேர்வதற்குள் கவிதையும் வந்துவிட்டது. இரண்டையும் என் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன்.

தலையில் ஹெல்மெட்
கழுத்தில் மாலை
கண்ணில் கடல்.
மணமகன் எந்தக் கரையில்?

மாணவர்களைப் பார்த்துவிட்டு வந்து போனைத் திறந்தால், பின்னூட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. என் வாசகர்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... ஏன், அதில் பாதிப் பேர் நீங்கள்தானே.

கும்பகோணத்து ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் எழுதியிருந்தார்: 'எந்தக் கரையிலும் இல்லை. நடுக்கடலில் நிற்கிறான், நீச்சல் தெரியாமல்.' டொரொண்டோ இன்ஜினீயர் ஒருவர்: 'சாலை விதியை மதிக்கும் பெண்ணே, சாதி விதியை மீறி வா.' சேலத்திலிருந்து ஒரு சகோதரி: 'மாலைக்குக் கழுத்து கிடைத்துவிட்டது. கழுத்துக்கு?' இது எனக்குப் புரியவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதற்குத்தான் லைக் அதிகம். தஞ்சாவூர் நண்பர் வழக்கம்போல வெண்பா. தளை தட்டுகிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தட்டவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இன்னொருவர், 'சார், இது என்ன மாடல் வண்டி? மைலேஜ் எப்படி?' என்று கேட்டிருந்தார். ரசனை பலவிதம்.

எல்லாவற்றிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்று. கோவிந்தன், சுங்கைப்பட்டாணி என்று பெயர். பினாங்குக்குப் பக்கத்து மாநிலத்தில் இருக்கிற ஊர் அது.

இன்னொரு மாலை
பையில் இருக்கிறது.
எனக்குத் தெரியாமல்
யார் கழுத்துக்கு?

போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். வண்டியின் முன்பக்கக் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் வாயில் ரோஜா எட்டிப் பார்க்கிறது. நேரில் நின்று பார்த்தவன் நான். எனக்குத் தெரியாத மாலை, எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு ரசிகருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 'எனக்குத் தெரியாமல்' என்ற சொல்லில் என்ன ஒரு வலி... உடனே ஒரு ஹார்ட் போட்டேன். பதிலும் எழுதினேன்: 'மூன்றாவது வரியின் வலி அபாரம். தொடர்ந்து எழுதுங்கள்.'

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. ஜமால் அண்ணன், அந்த ஊர் சமோசாவான கறிபாப் இலவசம் என்று அறிவித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஃபெரிக் கவிதையைத்தான் முதலில் வாசித்தேன். நல்ல கைதட்டல். வாசிப்பு முடிந்து கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். முப்பது வயதை ஒட்டி இருக்கும். தொழிற்சாலை அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"வணக்கம் சார். பேரு ரேவதி. அக்கரையில, பாகான் டாலாம்ல இருந்து வர்றேன். அந்த ஃபெரில பார்த்த பொண்ணுகிட்ட நீங்க பேசினீங்களா?"

"இல்லம்மா."

"ஏன் சார்?"

மேடையில் இருக்கிறவனுக்கு இப்படிக் கேள்வி வந்தால் நாக்கில் சரஸ்வதி நடனம் ஆட ஆரம்பித்துவிடுவாள். "பேசியிருந்தால் அது செய்தி. பேசாமல் விட்டதால்தான் அது கவிதை" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. அந்தப் பெண் தட்டவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்து, கறிபாப் மேசைப் பக்கம் நான் ஒதுங்கியபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தச் செய்திய இப்ப சொல்லட்டுமா சார்?"

அப்போதுதான் உறைத்தது. ஹெல்மெட் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்கதானா அது? மன்னிக்கணும்மா... மனசு கஷ்டத்துல இருந்தப்போ நான் போய்..."

"என்ன கஷ்டம்?"

"அழுதுக்கிட்டு இருந்தீங்களே."

"எனக்கு ரோஜாப்பூ ஒத்துக்காது சார். கிட்ட வந்தாலே கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி ஊத்தும். ரெண்டு மாலையும் ஒரே பைல வச்சா நசுங்கிரும்னு ஒண்ண கழுத்துல போட்டுக்கிட்டேன். அதான்."

கும்பகோணம், டொரொண்டோ, சேலம், தஞ்சாவூர்... எல்லோரும் ஒரு கணம் என் கண் முன்னால் வந்து போனார்கள். அத்தனை பேரும் மூக்கொழுகலுக்குக் கவிதை எழுதியிருக்கிறோம்.

சிரித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ரேவதி சிரிக்கவில்லை. போனை எடுத்து என் பக்கத்தையே திறந்து காட்டினார்.

"இதுல ஹார்ட் போட்டு வச்சிருக்கீங்களே சார், இந்தக் கோவிந்தன் யாரு தெரியுமா? எங்க மாமா. அம்மாவோட அண்ணன்."

"பிரமாதமா எழுதியிருக்காரும்மா."

"அவரு கவிதை எழுதல சார். கேள்வி கேட்டிருக்காரு."

கடிக்கப் போன கறிபாப்பைத் தட்டிலேயே வைத்தேன்.

"அவரு எப்பவும் அப்படித்தான் டைப் பண்ணுவாரு. ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டுவாரு. கேஸ் முடிஞ்சிருச்சு, வாங்கணும்னு மெசேஜ் போட்டாகூட நாலு வரியா வரும்."

நவீன கவிதை பற்றி முப்பது வருடமாக நடக்கும் விவாதத்தை ஒரு பெண் டீ ஆறுவதற்குள் முடித்துவைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் சொன்னது இது. ரேவதியின் அப்பா அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா தனலெட்சுமி பள்ளிக்கூடத்துக் கேன்டீன் நடத்துகிறார். ரேவதியை வளர்த்து ஆளாக்கியதில் பாதி, மாமா கோவிந்தனின் பங்கு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ் டிரைவர் மாணிக்கம். மனைவியை இழந்தவர். தினமும் கேன்டீனில் டீ குடிப்பார். வருடக்கணக்காக டீ மட்டும்தான் குடித்தார். பிறகு ஒருநாள், "சேர்ந்து இருக்கலாமா" என்று கேட்டிருக்கிறார். தனம் அம்மா மகளிடம் கேட்டார். மகள் சரி என்றார். பாகான் டாலாமில் ஒரு சின்னக் கோயில். நாளைக் காலையில் கல்யாணம். வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

"மாமாவுக்குமா சொல்லல?"

"அம்மா மாட்டேன்னுட்டாங்க. இந்த வயசுல போய் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு. முடிஞ்சதும் நேர்ல போய் கால்ல விழுந்துக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீங்க..."

"போட்டோல உங்க முகமே தெரியலையேம்மா."

"அந்த மோட்டார் சைக்கிள் மாமா ஓட்டுனது சார். அவருதான் எனக்குக் குடுத்தாரு. பின்னாடி பெட்டில வேல் ஸ்டிக்கர் ஒட்டுனதே அவருதான்."

போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். வேல் இருந்தது.

"அதோட விட்டிருந்தாகூடப் பரவால்ல. தொடர்ந்து எழுதுங்கள்னு சொன்னீங்க பாருங்க..."

"ஆமா?"

"தொடர்ந்து எழுதிட்டாரு. எங்க பேமிலி வாட்ஸ்அப் குரூப்புல."

ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மண்டபத்தின் மின்விசிறியைப் பார்த்தேன்.

பதிவை உடனே அழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், அழித்தால் இன்னும் பேசுவார்கள் என்றார் ரேவதி. பிறகு என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில கோயிலுக்கு வாங்க சார். மாமா அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாரு, அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அவரு 'வர்றேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிட்டாரு. அம்மா சாயங்காலத்துல இருந்து சாப்பிடல. கல்யாணமே வேணாம்னு உட்கார்ந்திருக்காங்க. மாமா உங்களோட பெரிய ரசிகர். வாரா வாரம் நீங்க எழுதுறத எங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரு. உங்க முன்னாடி சத்தம் போடமாட்டாரு."

கவிஞனாக எத்தனையோ மேடைகளுக்கு அழைத்திருக்கிறார்கள். கேடயமாக அழைத்தது இதுதான் முதல் முறை.

மறுநாள் காலை ஜமால் அண்ணனின் காரில் பாலத்தைக் கடந்தோம். கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. ஒரு வரிகூடத் தோன்றவில்லை.

"அண்ணே, எனக்கு அடி கிடி விழுமா?"

"உங்களுக்கு விழாது லா. நீங்க விருந்தாளி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டிட்டு வந்தவனுக்கு விழலாம்" என்றார்.

கோயில் சின்னது. தகரக் கூரை, பக்கத்தில் ஒரு சமையல் கொட்டகை. தனம் அம்மா பச்சைப் பட்டுப்புடவையில், தூணுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. அது ரோஜா ஒவ்வாமை இல்லை. மாணிக்கம் வெள்ளை வேட்டியில் சற்றுத் தள்ளி நின்றார். நெட்டையான, அமைதியான மனிதர். "வாங்க" என்றார்.

ரேவதி என்னை அறிமுகப்படுத்தினார். தனம் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா சார்? நல்லா எழுதுறீங்க. மாப்பிள்ளை எந்தக் கரையிலன்னு கேட்டீங்களாமே. இதோ நிக்கிறாரு பாருங்க."

அந்த நிலையிலும் கிண்டல். எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துப்போனது. அதனாலேயே பயமும் கூடியது. இந்தக் கல்யாணம் என்னால் நின்றுபோனால்?

பூசாரி நேரம் பார்க்க ஆரம்பித்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பின்னாலேயே பெண்கள், ஆண்கள், ஒரு பாட்டுக்கார அத்தை, இடுப்பில் குழந்தை என்று வேன் காலியாகிக்கொண்டே இருந்தது. 'தொடர்ந்து எழுதுங்கள்' என்று நான் சொன்னதற்கு வந்த கூட்டம்.

கோவிந்தன் மாமா என்னைப் பார்த்ததும் நின்றார். கை தானாகக் குவிந்தது.

"ஐயா... நீங்க இங்கயா?"

ரேவதி சொன்னது சரி. சத்தம் இல்லை. ஆனால் என்னைத் தாண்டி அவர் தங்கை முன்னால் போய் நின்றபோது குரல் உடைந்திருந்தது. அதற்கு நான் எந்தக் கேடயமும் இல்லை.

"தனம். நான் செத்தா போயிட்டேன்?"

"அண்ணே..."

"உன் கல்யாணத்த நான் பேஸ்புக்குல பார்த்துத் தெரிஞ்சிக்கணுமா?"

தனம் அம்மா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வெக்கமா இருந்துச்சுண்ணே."

"என்கிட்ட என்ன வெக்கம்?"

"வெக்கம் மட்டும் இல்ல." தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் நிறுத்திருவேன். எனக்கு நிறுத்த மனசு இல்ல. அதான் கேக்கல."

மாமா தங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வேறெதுவாகவோ மாறியது. இத்தனை வருடம் தன் பேச்சைத் தட்டாத தங்கை, தான் ஆசைப்பட்டது ஒன்று தனக்கு வேண்டும் என்று முதல் தடவையாகச் சொல்கிறாள். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு பிரஷர் இருக்கு. தெரியுமா?"

"தெரியும்ண்ணே" என்றார் மாணிக்கம். "காலையில மாத்திரை போடணும். மறந்துருவாங்க. பிள்ளைங்கள எறக்கிட்டு, போட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் பஸ்ஸ எடுப்பேன்."

"இன்னிக்குப் போட்டாளா?"

மாணிக்கம் தனம் அம்மாவைப் பார்த்தார். தனம் அம்மா ரேவதியைப் பார்த்தார். ரேவதி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தனை சொந்தங்களும் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாணப் பெண் மாத்திரை போட்டார்.

"சரி" என்றார் மாமா. "அந்த ரெண்டு மாலையும் எங்க?"

தட்டை அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு மாலையை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். இன்னொன்றை மாப்பிள்ளையிடம். தனம் அம்மா அண்ணனின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். கெட்டி மேளம் ஒருவருடைய போனிலிருந்து வந்தது. அத்தை ஒரு பாட்டு பாடினார். ரேவதி கண்ணைத் துடைத்தபோது, எதனால் என்று நான் கேட்கவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் மாமா என் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, அந்த நாலு வரி... நெசமாவே கவிதையா இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. நான் எழுதினதைவிட நல்லா இருந்துச்சு."

"இல்லய்யா, சும்மா சொல்றீங்க" என்றார். ஆனால் ஒரு சுற்று பெருத்துவிட்டார். இனி அவர் நிறுத்தமாட்டார். சுங்கைப்பட்டாணி வாட்ஸ்அப் குழுக்களிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று தனம் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். இந்த முறை முன்கூட்டியே. பெயர்களை மாற்றிவிடவா என்றும் கேட்டேன்.

"ஏன் சார், நல்ல பேருதானே" என்றார். பிறகு சமையல் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "எழுதுறது அப்புறம் இருக்கட்டும். வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்னு ஆக்கி வச்சேன். இப்ப ஒரு வேன் நிக்குது. இந்தக் கூட்டத்த யாரு கூட்டுனது?"

நான் மெல்லக் கையைத் தூக்கினேன். கேன்டீன் நடத்தும் அம்மா. பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சாம்பார் பெருகியது, ரசம் பெருகியது. எப்படி என்று கேட்கக் கூடாது. ஜமால் அண்ணன் தொழில்காரர், சொல்லாமலேயே அப்பளம் பொரிக்கப் போய்விட்டார். என் கையில் சாம்பார் வாளியையும் கரண்டியையும் கொடுத்தார்கள்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். வரிசையாக இலைகள். இடது பக்கம் அத்தைகள், வலது பக்கம் மாமாக்கள். யார் இந்த ஆள் என்று யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்தார்கள்.

இத்தனை வருடம் எத்தனையோ ஊர்களில் கவிதை வாசித்திருக்கிறேன். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு கூட்டமே என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான்.